யாரோடு ஆட, எந்த லினக்ஸ்

1

பௌர்ணமித் திதி அன்று காலை 10.47க்கே பிறந்துவிட்டது. கதை அதற்குச் சில நாள் முன்பு, செங்கம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் தொடங்கியது. என் கீபோர்டில் ஓர் எழுத்து விழவில்லை. மாற்றப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரர் அன்பரசனிடம் கேட்டாள்.

"அண்ணே, கேம் ஆடுறதுக்கு எந்த லினக்ஸ் நல்லாருக்கும்?"

"எல்லாமே நல்லாதாம்மா இருக்கும். யாரோட ஆடப்போற, அத சொல்லு."

அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் வைத்தது. பெயர்கூட.

2

முதல் தொடக்கம்: மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது கீர்த்தனா —

வேண்டாம். மலையில் தொடங்கினால் அதுவே கதையைத் தின்றுவிடும்.

இரண்டாவது: லினக்ஸ் என்பது —

பாடம்.

மூன்றாவது: கீர்த்தனாவும் அவள் அண்ணன் வல்லரசும் விளையாட்டுக்குள் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள்.

இது நிற்கிறது.

3

கீழ்பென்னாத்தூரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் கீர்த்தனா தன் பாகத்தைக் கேட்டாள். வல்லரசு மறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். பேச்சை நிறுத்தினான். ஒரகடத்தில் வேலை, அங்கேயே வீடு. அவள் அடி அண்ணாமலையில் கணவன் வீட்டில்.

ஆனால் மாலை ஆறு மணி ஆட்டத்துக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை. அவன் மேசைக் கணினியில், அவள் கையில் பிடித்து ஆடும் ஹேண்ட்ஹெல்டில். துப்பாக்கி விளையாட்டு.

"இடப்பக்கம் ஆளு."

"பாத்துட்டேன்."

"முன்னாடி நான் போறேன். பின்னாடி நீ பாத்துக்க."

ஆட்டம் முடிந்ததும் அவன் குரலும் முடிந்துவிடும். சாப்பிட்டாயா என்று அவளும் கேட்டதில்லை. கேட்டால் மறுநாள் வராமல் போய்விடுவானோ என்று பயம்.

(பேசாதவன் தினமும் எதற்கு வருகிறான்? இந்தக் கேள்வியை எழுதிவைத்துக்கொண்டு பல நாள் சுற்றினேன். வல்லரசு எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதுபோல் எழுதிய இரண்டு பக்கத்தை நீக்கிவிட்டேன்.)

4

ஹேண்ட்ஹெல்டின் டிஸ்க் சாகக் கிடந்தது. புதிது வாங்கி வைத்தாள். அதில் என்ன போடுவது?

பழையபடி விண்டோஸ் போடலாம். ஆனால் அவள் கருவியில் அது சூடேறும், ஆட்டத்தின் நடுவில் சார்ஜ் தீரும். கோபித்துக்கொண்டு போனாள் என்று அண்ணன் நினைப்பானோ என்று அந்த ராத்திரி தூக்கம் வராது.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அதில் விளையாட்டுக்கென்றே பல வகை. படித்தாள். கேச்சிஓஎஸ் வேகம், புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும். நோபரா வீட்டுக் கணினிக்கு நல்லது என்றார்கள். பாஸைட் வீட்டுக் கணினி, ஹேண்ட்ஹெல்ட் இரண்டுக்கும் ஆகும். அதன் உள்ளே நாம் கைவைத்துக் கெடுப்பது கடினம். ஒரு புதுப்பிப்பு சரியில்லையென்றால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். திரும்பிவிடலாம் என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

ஆனால் எதிலும் அண்ணனின் துப்பாக்கி விளையாட்டு திறக்காது. கள்ள ஆட்டத்தைக் கண்காணிக்கும் அதன் காவல் நிரல் லினக்ஸை ஒப்புக்கொள்வதில்லை.*

* வேறு பல விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே நிலத்தில் பயிர் வைக்கும் விளையாட்டு ஒன்று ஓடும். அதைத்தான் அவள் மனதில் வைத்திருந்தாள். நெல் வளரும்வரை சுட ஒன்றும் இல்லை, பேசித்தான் ஆகவேண்டும். (நிலத்தில் பிரிந்தவர்களுக்கு நில விளையாட்டா? அதிகம்தான். எடுத்துவிட்டுப் படித்தேன். கதையிலிருந்து அவளே போய்விட்டாள். திரும்ப வைத்தேன்.)

5

"விண்டோஸ், லினக்ஸ் ரெண்டையும் போட்டுக்கயேன்," என்றார் அன்பரசன். "டிஸ்க்க பாதி பாதியா பிரிச்சுத் தரேன்."

"பாகம் பிரிச்சா என்ன ஆவும்னு எனக்குத் தெரியும்ணே. வேணாம்."

அவர் சிரித்தார். பாஸைட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தார்.

"இன்னொன்னுலயும் ஏத்துங்க."

"எதுக்கும்மா ரெண்டு?"

"எங்க அண்ணன் வீட்டுல பிசி இருக்கு."

"அவரு கேட்டாரா?"

கீர்த்தனா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

6

தவறு இங்கே நடந்தது. காலண்டர் கட்டத்தில் நிலா மறுநாளுக்குப் போட்டிருந்தது. அதை நம்பி, அரைநாள் லீவில் உட்கார்ந்து, அதற்குள் அடங்கிப்போன பழைய டிஸ்கைக் கழற்றிப் புதிதை மாட்டி, பென்டிரைவைச் செருகினாள். ஏறிவிட்டது. முதல்முறை திறந்ததும் இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். இறங்குவதைக் காட்டும் கோடு பாதியில் நின்றது. போன் நெட்டும் நகரவில்லை.

வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் ராஜம்மாளிடம் கத்தினாள். "அத்தை, நெட்டே வரல!"

"எப்டிடி வரும்? பௌர்ணமில."

"நாளைக்குத்தான போட்டிருக்கு காலண்டர்ல?"

"காலண்டர் பாத்தா ஜனம் சுத்துது? காலைலயே திதி பொறந்துடுச்சி. வெளிய வந்து பாரு, தல தலயா இருக்குது. லீவு போட்டவ டம்ளராவது கழுவித் தா."

கிரிவலப் பாதை நிறைந்திருந்தது. அத்தனை பேர் சட்டைப்பையிலும் ஒரு போன். டவர் என்ன செய்யும்?

மணி ஐந்தரை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அண்ணனிடம் சொல்லவும் இல்லை. கருவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். இறங்கினாள். திரும்ப ஏறினாள்.

7

முடிவு அ: ஆறு மணிக்குச் சற்று முன் நெட் வருகிறது. அண்ணனும் வருகிறான். இருவரும் ஒரே வயலில் —

என் மனைவி படித்துவிட்டு, "விளம்பரம் மாரி இருக்குது," என்றாள்.

முடிவு ஆ: மறுநாள் விண்டோஸைத் திரும்பப் போடுகிறாள். இடப்பக்கம் ஆளு. பாத்துட்டேன். இரண்டாவது பென்டிரைவ் பையிலேயே கிடக்கிறது. நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே இதை முடிக்கக் கை வரவில்லை.

முடிவு இ: வல்லரசு அங்கே தனியாக —

8

ஆறு தாண்டியது. நெட் வரவில்லை. போன் அடித்தது. கூட்டத்திலும் எப்போதாவது ஓர் அழைப்பு உள்ளே வந்துவிடும்.

நிலம் பிரித்த பிறகு அவன் போன் செய்வது இதுதான் முதல்முறை. கீழே அரோகரா சத்தம். கீர்த்தனா ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் பதிலை எழுதி எழுதி அடித்தேன். வந்ததெல்லாம் என் குரலாக இருந்தது. நீங்கள் யாரோடாவது பேசாமல் இருக்கிறீர்கள் என்றால் என்னைவிட நன்றாக எழுதுவீர்கள். அவன் கேட்டதை மட்டும் தருகிறேன்.

"கீர்த்தி, எங்க இருக்க? எனக்குப் பின்னாடி யாருமே இல்ல."