கருவாட்டு வீட்டுச் சீஸ் தொப்பி

கீழக்கரையில் தெருவுக்கு நாலு மீராசா இருப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். என் வீட்டுக்காரர் மீராசா மச்சானின் வீட்டுக்கு வாய்த்த பெயர் கருவாடு. கல்யாணப் பத்திரிகையில்கூட வெட்கமில்லாமல் அச்சடித்திருந்தார்கள். காலேஜ் வாசல் மிதித்தவள் நான். 'கருவாட்டு வீட்டு மருமகள்' என்று யாராவது கூப்பிட்டால் உடம்பெல்லாம் பற்றி எரியும்.

ஆகவே, குவைத்தில் அப்பாசியாவில் அவர் சோபா தைக்கிற கடை போட்டபோது, போர்டில் 'ராயல்' என்று எழுதவைத்தேன். கருவாடு என்ற சொல்லுக்கே கடையில் தடை. ஊர்க்காரர்கள் கருவாட்டு மீராசா கடையைத் தேடி வந்து, போர்டைப் பார்த்தும் புரியாமல் அடுத்த கடைக்குப் போனார்கள். வேலை படுத்துவிட்டது. லைசென்ஸ், எங்களுக்கு ஸ்பான்சராக நின்ற குவைத்காரர் கபீலின் பெயரில் இருந்தது. ரமலானுக்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

அது தொண்ணூற்றாறின் கடைசி. அமெரிக்க ராணுவ கேம்ப்பிலிருந்து மார்வின் என்ற சார்ஜன்ட் வந்தார். தலையில் வைக்கிற மாதிரி, ஃபோமில் சீஸ் துண்டு வேண்டுமாம், ஒரு டஜன். விரலால் காற்றில் முக்கோணம் போட்டுக் காட்டினார். அவர்கள் ஊரில் பந்தைக் கையில் பிடித்து ஓடினாலும் அதற்குக் கால்பந்து என்றுதான் பெயர். அதில் இவர் கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகர். டிவியில் மாட்ச் பார்க்கும்போது எல்லாரும் அதைப் போட்டுக்கொள்வார்களாம்.

சீஸ் எங்களுக்குத் தெரியாதா என்ன? வட்ட டப்பாவில், வெள்ளித்தாள் சுற்றி, முக்கோணம் முக்கோணமாக இருக்கும். பிரித்தால் பால் வெள்ளை. அப்பாசியாப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் தினமும் அதுதான். மச்சான் வெள்ளை ஃபோமை வழவழவென்று அறுத்து, வெள்ளி ரெக்ஸின் சுற்றி, பிரிப்பதற்குச் சிவப்பு நாடாகூட வைத்துத் தைத்தார். அச்சு அசல்.

வந்து பார்த்த சார்ஜன்ட், இது சீஸே இல்லை என்றார். அவர்கள் சீஸ் மஞ்சளாம், ஓட்டை ஓட்டையாக இருக்குமாம். மாட்ச் மறுநாள். இந்த வேலையும் போனால் கடை அவ்வளவுதான். ஓட்டை விழுந்த ஃபோமை எவன் வாங்குவான் என்று மச்சான் தமிழில் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சார்ஜன்ட் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தார். கண்ணாடியைப் பார்த்துச் சிவப்பு நாடாவை இழுத்தார். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இது குவைத் சீஸ், வேறு எவனிடமும் இருக்காது என்று அத்தனையையும் வாங்கிக்கொண்டார்.

இதைத் தலையில் வைப்பது கௌரவமா என்று கேட்கச் சொன்னார் மச்சான். கேட்டேன். சீஸ் செய்கிற ஊர்க்காரர்கள் என்பதால், பக்கத்து சிகாகோக்காரர்கள் கேலியாக 'சீஸ் தலையன்' என்று கூப்பிட்டார்களாம். இவர்கள் சளைக்காமல் சீஸையே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்களாம். இப்போது அந்தப் பெயர்தான் பெருமையாம்.

இதையும் மச்சானுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் வாசல் போர்டின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உங்களை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சார்ஜன்ட் கேட்டார். ராயல் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"கருவாடு" என்றேன். இங்கிலீஷிலும் விளக்கிச் சொன்னேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர் போனதும் மச்சான் மிச்ச ஃபோமில் முழ நீளத்துக்கு ஒரு கருவாடு வெட்டி, வெள்ளி ரெக்ஸின் ஒட்டித் தலையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றார். தெருவே திரும்பிப் பார்த்தது. கீழக்கரை ஆள் ஒருவர், கருவாட்டு மீராசா கடையா இது, இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று உள்ளே வந்து, சோபா தைக்க அளவு சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். "உனக்கும் ஒண்ணு தைக்கவா, ஜுலைஹா?"

"முக்காட்டோட சேத்து அளங்க மச்சான்" என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.