மண்டையில் விழாத செங்கல்

"செங்கல்லா?" என்றாள் வசனம்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள் என்பதால் படப்பிடிப்புத் தளத்தில் எல்லாருக்கும் அவள் வசனம்தான்.

"ஆமா, செங்கல். மாடியிலேர்ந்து நம்ம கதையில வர்ற பூட்டுக்காரர் மண்டையில விழுது. அதுலேர்ந்து ஆளு கெட்டவனாயிடுறாரு." டைரக்டர் டீயை உறிஞ்சினார். "ஜனங்களுக்கு அவரைப் பிடிச்சுப் போச்சும்மா. கெட்டவனாகணும்னா ஒரு காரணம் வேணும்ல?"

"காரணம் இருக்கு சார்! ஊர்ல அத்தனை பேர் பூட்டையும் திறக்கிறவரு. வீட்டுல மட்டும் அவர் பேச்சு எடுபடல. பொண்டாட்டி கேக்காம வேலைக்குப் போறா. மகன் கடையையே மாத்தணுங்கிறான். மக தனியா வீடு எடுத்துக்கிட்டா. நழுவ நழுவ இறுக்கிப் பிடிக்கிறாரு. பாசம்னு நெனச்சுக்கிட்டே கழுத்தை நெரிக்கிறாரு. இதுல செங்கல் எங்கேருந்து சார் வந்துச்சு?"

"மாடியிலேர்ந்து. கதையை நான் பாத்துக்கறேன். நீ வசனத்தைப் பாரு."

பூட்டுக்காரரை அவள் அணு அணுவாகக் கெடுத்துக் கொண்டுவந்திருந்தாள். இன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக எல்லை தாண்டும் காட்சி. மகளுக்குத் தெரியாமல் செய்த சாவியால் அவள் வீட்டைத் திறந்து உள்ளே வந்து நிற்கிறார். இந்த இடத்தில் செங்கல் விழுந்தால் மொத்த மனுஷனும் கோவிந்தா.

பூட்டுக்காரராக நடிக்கும் பெரியவரைத் தளத்தில் எல்லாரும் அப்பா என்பார்கள். அவருக்கு வரிகள் மனதில் நிற்காது. அதனால் காதுக்குள் ஒரு சின்னக் கருவி. பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவள் மைக்கில் வரியைச் சொல்வாள், அது அவருக்கு மட்டும் கேட்கும். "அப்பா" என்று கூப்பிட்டுச் சொன்னால் அது அவர் செய்ய வேண்டியது; மற்றபடி காதில் விழுந்தது அப்படியே கண்ணீரோடு வாயில் வந்துவிடும். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து அவள் டீ கேட்க, சாகக் கிடந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சர்க்கரை கம்மியா ஒரு டீ" என்று அவர் தேம்பியிருக்கிறார்.

கேமரா ஓடியது. தலையில் பெரிய கட்டோடு அப்பா நின்றார். எதிரே மகளாக நடிக்கும் பெண். "ஐயோ என் தலை! நீ யாரு?" என்பதுதான் டைரக்டரின் வரி.

பீரோவுக்குப் பின்னால் அவள் மைக்கை உதட்டோடு ஒட்டவைத்துக்கொண்டாள். "அப்பா, தலைக்கட்டை அவிழ்த்துக் கீழ போடுங்க."

அவிழ்த்தார். போட்டார்.

"அப்பா, மெதுவா சொல்லுங்க. பயப்படாதம்மா."

"பயப்படாதம்மா," என்றார் அப்பா, பூ மாதிரி. "ஏன் கதவைப் பூட்டின? நான் பூட்டச் சொல்லலையே."

"கட்!" அதற்கு மேல் டைரக்டர் கத்தவில்லை. மானிட்டர் இருந்த பக்கத்து அறையிலிருந்து மெல்ல நடந்து வந்து பீரோவைச் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பயப்படாதம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யாரைக் கேட்டு மாத்தின? நான் ஒரு போன் போட்டாப் போதும், இனி எந்த செட்லயும் உன்னைச் சேர்க்க மாட்டாங்க. இவ கதையைத் திருடி வெளிய வித்துட்டான்னு சொல்லுவேன். என்னைத்தான் நம்புவாங்க."

அவள் அவர் தலையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சார், மண்டையில செங்கல் ஏதும் விழுந்துச்சா?"

விளக்குக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மேக்கப் அக்கா. பிறகு யாரையும் அடக்க முடியவில்லை.

டைரக்டர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "வெளிய போ!"

"போக மாட்டேன். உங்க செங்கலை நீங்களே போடுங்க, பாக்கறேன்."

தலைக்கட்டை மறுபடி கட்டினார்கள். பீரோவுக்குப் பின்னால் இப்போது டைரக்டர் குந்தியிருந்தார். கேமரா ஓடியது. அப்பா ஒரு கணம் கேட்டார். பிறகு காதிலிருந்த கருவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கட்டை அவிழ்த்தார்.

"பயப்படாதம்மா. ஏன் கதவைப் பூட்டின? நான் பூட்டச் சொல்லலையே." மகளாக நின்ற பெண் நிஜமாகவே பின்வாங்கினாள். சட்டைப்பை கீச்கீச்சென்று கத்தியது. கேமராக்காரர் நிறுத்தவில்லை.

விளக்குகளுக்குப் பின்னால் நின்றிருந்த வசனத்தின் உதடுகள் கூடவே அசைந்தன. அவள் எழுதின வரி முடிந்தும் அப்பா நிறுத்தவில்லை.

"இனி நீ பூட்டவே வேணாம். வெளிய நான் பூட்டிக்கறேன்."

அவள் உதடு நின்றது. இதை அவள் எழுதவில்லையே! யாரைக் கேட்டு மாத்தினாரு?

கை தானாக இறுகியிருந்தது. அதைப் பார்த்தாள். அடிப்பாவி, உனக்கும் செங்கல் இல்லாமலே இறுக்கிப் பிடிக்க வருதே!

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, டைரக்டர் எழுந்து வருவதற்குள், எல்லாருக்கும் முன்னால் கைதட்டினாள்.