பதினான்கு படிகளுக்குப் பதிலாக ஒரு கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதும் ஆசையில் இதைத் தொடங்கவில்லை. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினான்கு படி. ஏறிப்போய் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று நாளாக ஏறவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன். அதனால் எழுதுகிறேன்.

ஆளுக்குக் குணசேகரன் என்று பெயர் வைக்கிறேன். திருமலைராயன்பட்டினத்தில் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் பள்ளிக்கூட ஆசிரியர். மனைவி நீலாயதாட்சி. (இவள் பெயரை மாற்ற அனுமதி கிடைக்கவில்லை. "என் பேரு நல்லாத்தான இருக்கு? ஒளியணும்னா உங்க பேர மாத்திக்குங்க" என்றாள்.) மாடியில் வீட்டின் சொந்தக்காரர் ஷரீபுன்னிசா. சிங்கப்பூரில் இருக்கும் கணவரோடு முகம் பார்த்துப் பேசத்தான் பிராட்பேண்ட் பெட்டி வாங்கினார். கடவுச்சொல்லை அவரே ஒரு தாளில் எழுதி எடுத்துவந்து கொடுத்தார். "காத்துல சும்மாதான தம்பி போவுது, எடுத்துக்கங்க."

2

தொடக்கம், முதல் முயற்சி:

2007 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை. ஆற்றின் மேல் வெயில் மெல்ல மெல்ல

வேண்டாம். குணசேகரன் அன்று ஆற்றையெல்லாம் பார்க்கவில்லை.

இரண்டாம் முயற்சி: மடிக்கணினியில் ஒயர்லெஸ் வரவில்லை.

இது போதும். வெள்ளிக்கிழமைதான் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தான். மாடிப் பெட்டியின் தயவில் மூன்று மணி நேரம் இறக்கி, எல்லாம் முடிந்ததும் அணைத்து வைத்தான். சனிக்கிழமை ஆயுத பூசை. அரிவாள்மனை, சைக்கிள், கணினி மூன்றையும் நீலாயதாட்சி துடைத்துப் பொட்டு வைத்தாள். அன்று எதையும் தொடக் கூடாது. ஞாயிறு காலையில் திறந்தால் இணைப்புப் பட்டியல் காலி. மாடிப் பெட்டியின் பெயரே காணோம்.

பஸ் பிடித்துக் காரைக்காலுக்குப் போனான். பிரவுசிங் சென்டரில் லினக்ஸ்காரர்களின் இணைய மன்றத்தைப் புரட்டிப் பதினோரு பக்கம் அச்செடுத்து வந்தான். முதல் பக்கத்து முதல் வரி: "கணினியின் ஓரத்தில் இருக்கும் ஒயர்லெஸ் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்." குணசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தானா? இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினான்.*

ஒயர்லெஸ்ஸை ஓட்டும் டிரைவர் மென்பொருளைக் கழற்றினான், மறுபடி ஏற்றினான், கறுப்புத் திரையில் கட்டளை மேல் கட்டளையாக அடித்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எரிந்து விழுந்தான். நான்கு மணி வாக்கில் அவன் சந்தேகம் புதுப் பதிப்பை விட்டு மாடிக்குப் போயிற்று.

* இந்த இடத்தில் நீங்கள் "அட மடையா" என்று சொல்லலாம். நீலாயதாட்சி படிக்கும்போது சொன்னாள்.

3

காரணம் ஒரு பூசணிக்காய். சனிக்கிழமை வாசலில் திருஷ்டி கழித்து உடைத்தது. கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பிய ஷரீபுன்னிசாவுக்கு அதில் கால் வழுக்கியது. நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதக் கொஞ்சம் அள்ளி ஓரமாப் போட்டா தேவல. யாராச்சும் விழுந்து வைக்கப் போறாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நானும் உடனே

குணசேகரனும் உடனே அள்ளிப் போட்டான். ஆனால் மனசுக்குள் வைத்துக்கொண்டான்.

[இங்கே அவனை நல்லவனாக்க ஒரு பத்தி இருந்தது. போன வாரம் பெருநாளுக்கு மாடியிலிருந்து வந்த பிரியாணியை எப்படியெல்லாம் புகழ்ந்தான் என்று. எடுத்துவிட்டேன். பிரியாணியைப் புகழ நல்லவனாக இருக்க வேண்டியதில்லை.]

4

முடிவு, அ: குணசேகரன் மாடி ஏறவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு முதல் பக்கத்தை மறுபடி வாசிக்கிறான்.

முடிவு, ஆ: ஏறுகிறான். "அக்கா, நெட்டு வரலையே, உங்களுக்கு வருதா?" "வருதே தம்பி, உள்ள வந்து பாருங்க."

இரண்டும் சரளமாக வருகின்றன. எழுதும்போது நெஞ்சு லேசாகக்கூட ஆகிறது. அதனால்தான் இரண்டும் வேண்டாம் என்கிறேன்.

நடந்தது இது. ஏறினான். கதவைத் திறந்த ஷரீபுன்னிசாவின் கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். நீலாயதாட்சி பொரிகடலை கொடுத்தனுப்பிய கிண்ணம்தான். வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று பேரீச்சம்பழம் போட்டு வைத்திருந்தார்.

"எங்க பூசணிக்காய் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அதுக்காக ஒயர்லெஸ்ஸ நிறுத்துவீங்களா?" என்றான் குண

என்றேன். நான்தான். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"உங்க ஆளுங்களே இப்படித்தான்."

அவர் முகத்தை எழுதப் பலமுறை முயன்றேன், வரவில்லை. "நான் நிறுத்தல தம்பி. உள்ள வந்து பாருங்க, லைட்டு எரியுது" என்றார். உள்ளே போகாமல் இறங்கி வந்துவிட்டேன்.

5

கீழே வந்தால் நீலாயதாட்சி கணினியின் முன்ஓரத்தை முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மேல வச்சா கத்துவீங்கன்னு ஓரத்துல பொட்டு வச்சேன். சந்தனம் காஞ்சி கொட்டுது பாருங்க."

சந்தனம் உதிர்ந்த இடத்தில் நகத்தளவு சுவிட்ச். பூசைக்குத் துடைத்தபோது நகர்ந்திருக்கிறது. தள்ளினேன். நீல விளக்கு எரிந்தது. மாடிப் பெட்டியின் பெயர் வந்தது, கோடெல்லாம் நிறைந்து.

அப்படி ஒரு பேச்சைக் கேட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் நிறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதுவரை படித்த நீலாயதாட்சி தாளைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்துக்கும் என் பொட்டுதான் காரணம்னு எழுதி முடிச்சிடாதீங்க."

"இல்லம்மா."

"கிண்ணம் இன்னும் மேலதான் இருக்கு. அதக் கேக்குற சாக்குலயாவது போங்க."

"இத முடிச்சிட்டுப் போறேன்."

"என்னத்த முடிக்கிறது? நீங்க போனாத்தான முடியும்?"

6

இதைப் பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அது அந்த மாடிப் பெட்டி வழியாகத்தான் போகும். படியேறிவிட்டு அனுப்பினேனா, அனுப்பிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேனா என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், ஷரீபுன்னிசா அக்கா அன்றைக்கும் நிறுத்தவில்லை.