நாற்பது சாம்பல் பொட்டுகள்

பாலங்கள் துருப்பிடிப்பதைக் கணிக்க அக்கா எழுதிய கணினி நிரலுக்கு 'மாதிரி' என்று பெயர்; அது ஓடத் தொடங்கினால் அலுவலக அறையே அடுப்படியாகிவிடும். இந்த முறை அது மூன்று நாள் விடாமல் மூச்சு வாங்கியதில், பக்கத்து மேசைக்காரர் நனைந்த சட்டையைக் காயப்போட்டு மடித்தே எடுத்துப்போனாராம். மழை, உப்புக்காற்று, தகட்டின் கனம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, ஆற்றுப்பாலத்து இரும்பைத் துரு எவ்வளவு தின்றிருக்கும் என்று அது கணக்குப் போட்டது. பத்து மில்லிமீட்டர் தகட்டில் ஆறுதான் மிச்சம் என்றது.

தம்பியின் அளவைச் சீட்டோ ஒன்பதரை என்றது.

தம்பி அதே அலுவலகத்தில் பால ஆய்வாளர். சுத்தியலோடுதான் பிறந்தான் என்று எல்லோரும் சத்தியம் செய்வதால் அவன் பெயரே சுத்தியல். பன்னிரண்டு வருடமாகக் குறியிட்ட அதே நாற்பது இடங்களில் அளந்து வருகிறான். பொய்யளவு எழுதச் சொன்னால் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"திங்கட்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்துப்போகலன்னா உங்க மாதிரியை மூட்டை கட்டிட வேண்டியதுதாம்மா," என்று சொல்லிவிட்டார் தலைமைப் பொறியாளர். அக்காவின் மூன்று வருட உழைப்பு!

ஞாயிறு காலை தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். காபி ஆறுவதற்குள் பால்கனிக் கம்பியை நகத்தால் சுரண்டினான். துரு உதிர்ந்தது. உடனே பையிலிருந்து குட்டி டப்பாவை எடுத்து, சுரண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெயின்டை ஒரு பொட்டு வைத்தான்.

அக்காவின் கையில் காபி அப்படியே நின்றது. "டேய், பாலத்துலயும் இப்படித்தான் செய்வியா?"

"பின்னே? துருவைச் சுரண்டினாத்தான் கருவி அளக்கும். சுரண்டிட்டு அம்போன்னு விட்டுட்டு வரச் சொல்றியா? பாவம்க்கா."

"பன்னிரண்டு வருஷமாவா?"

"ஒரு வருஷம்கூட விட்டதில்ல!" என்றான் பெருமையாக.

"எழுந்திருடா. கருவியை எடு."

பாலத்தின் அடியில் ஏணி போட்டார்கள். துருவேறிய தகடெங்கும் நாற்பது சாம்பல் பொட்டுகள் கல்யாணப் பெண்ணின் நெற்றிப்பொட்டுபோல மினுங்கின. ஒரு பொட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சுரண்டி அளந்தான் தம்பி. ஆறு புள்ளி ஒன்று. இன்னொரு இடம். ஐந்து புள்ளி ஒன்பது.

அவன் முகம் தொங்கிப்போனது. "நல்லாப் பாத்துக்கிட்டேன்னு நெனச்சேன்க்கா."

"நல்லாத்தான் பாத்துக்கிட்ட. நாற்பது பொட்டை மட்டும்!" என்று அவன் தலையில் செல்லமாகக் குட்டினாள்.

அன்று பகல் முழுக்க, அந்த நாற்பது இடங்களிலும் வருடாவருடம் பெயின்ட் பூசித் துருவைத் தடுத்ததாகச் சேர்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் கணினியை மறுபடி ஓடவிட்டாள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பொட்டு வைத்த இடத்தில் ஒன்பதரை, வைக்காத இடத்தில் ஆறு. மாதிரியும் அளவும் அச்சு அசலாக ஒத்துப்போயின. தகடுகளை மாற்றும்வரை லாரிகளை நிறுத்த அங்கேயே கையெழுத்துப் போட்டார். மாதிரி பிழைத்தது.

"உங்க கணக்கும் சரி, உங்க தம்பி அளந்ததும் சரி. அப்போ தப்பு யாரோடதும்மா?"

கடைசி வரிசையில் சுத்தியல் தலையைக் குனிந்துகொண்டான்.

"பெயின்டுதான் சார்," என்றாள் அக்கா. "ரொம்ப நல்ல பெயின்ட்."