ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை

நீலகண்டன் பேப்பரை எட்டாக மடித்து, சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தார். கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி ஆராயி, சாம்பல் கையோடு எழுந்து நின்றாள்.

"தம்பிகிட்டேர்ந்து பதில் வந்துச்சுங்களா?"

"மெதுவா பேசு. லைன் இன்னும் சரியாவலையாம்."

முந்தின நாள் காலையிலிருந்து மகனுக்கு மூன்று தந்தி கொடுத்திருந்தார். தாய் கவலைக்கிடம், உடனே வரவும். மூன்றையும் வாங்கிக்கொண்ட தபாலாபீஸ் குமாஸ்தா, இன்று நான்காவது தந்தி ஃபாரத்தைக் கேட்டபோது கொடுக்கவில்லை. மேஜை மேலிருந்த பேப்பரைத் திருப்பி அவர் பக்கம் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். ராமேஸ்வரம் தீவில் புயல். பாம்பன் பாலம் உடைந்துவிட்டது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுவிட்டது. ஸ்டேஷன், தபாலாபீஸ், வீடுகள், எதுவும் மிச்சமில்லை. நீலகண்டன் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு, "இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். குமாஸ்தா தலையாட்டினார்.

உள்ளே மனைவி சொர்ணாம்பாள் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளத்தது. இதயம் களைத்துவிட்டது, ஜாஸ்தி பேச விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்க போயிருந்தீங்க?"

"சத்திரத்துல ஆளு வந்துட்டாங்க. பெரிய கூட்டம்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நகர்ந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நீலகண்டன் தேரடித் தெருவில் ஒரு சத்திரத்துக்கு மேனேஜர். அதன் பின்கட்டுதான் அவர் வீடு. இருபத்திரண்டு வருஷமாக அண்ணாமலையாரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுத்துக்கொண்டிருக்கிறார். குழந்தையோடு வந்தால் கிணற்றுப் பக்கம், வயசானவர்களுக்குக் கீழ்க்கட்டு என்று ஆளைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். ஊர் ஊராகப் போய்த் தங்கியதில்லை. ஆனால் எந்த ஊரில் எங்கே தங்கலாம் என்று தெருவில் யாருக்குத் தெரிய வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள்.

பையன் உமாமகேஸ்வரனும் அப்படித்தான் வந்து கேட்டான். சென்னையில் காலேஜில் படிக்கிறான். கிறிஸ்துமஸ் லீவில் அவனுடைய வாத்தியார் ஒருவர், முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார். ராமேஸ்வரம் தீவில் பத்து நாள். அம்மாவை இப்படி விட்டுவிட்டுப் போவதா என்று அவன் தயங்கியபோது, சொர்ணாம்பாள்தான் அவன் துணிகளை மடித்து வைக்கச் சொன்னாள்.

அன்று கூடத்தில் பாய் மேல் தீவின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாம்பன்ல ஒரு வீட்டு மாடி கெடைக்குதுப்பா. முங்கற எடம் அங்கேர்ந்து கிட்ட. வாத்தியாரும் வேடியப்பனும் அங்கதான் தங்கறாங்க."

"தபாலாபீஸ் எவ்ளோ தூரம்?"

"தெரியலப்பா. இல்லேன்னா ராமேஸ்வரத்துலயே சத்திரம் இருக்குது."

"மார்கழி மாசம் சத்திரத்துல கூட்டம் தாங்காது. நீ தனுஷ்கோடிக்குப் போ. ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே கல்லுக் கட்டடம், நல்ல ரூமுங்க. எதிர்லயே தபாலாபீஸ். அம்மாவுக்கு ஒண்ணுன்னா தந்தி அடிச்ச ஒரு மணி நேரத்துல உன் கைல இருக்கும். ரயிலும் வாசல்ல நிக்கும்."

"தினம் பாம்பனுக்குப் போயி வரணுமேப்பா. நான் மட்டும் தனியா."

"ஒரு மணி நேரந்தான? போயிட்டு வா."

அவன் சரி என்று படத்தைச் சுருட்டினான். சொர்ணாம்பாள் அப்போது உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

மத்தியானம் கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சொர்ணாம்பாளின் அண்ணன் சம்பந்தமூர்த்தி பக்கத்து ஊரான வேங்கிக்காலிலிருந்து சைக்கிளில் வந்து, தங்கையைப் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூட்டிவரப் போனார். அறையில் இவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"என்னங்க."

"பேசாத சொர்ணம்."

"அவன் பாம்பன்லயே தங்கறேன்னு சொன்னான், இல்ல?"

நீலகண்டனின் கையிலிருந்த விசிறி நின்றது.

"நான்தான் வேணாம்னேன்" என்றாள். "ரயிலுக்குப் பக்கத்துல இருன்னேன். நான்தான் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லல."

ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு வாங்கினாள். யார் சொன்னார்கள் இவளுக்கு? ஜன்னல் வழியாகத் தெருப்பேச்சு கேட்டிருக்கலாம். ஆராயி அழுதிருக்கலாம். எப்போது தெரிந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் தன் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது என்று மட்டும் இப்போது புரிந்தது.

இல்லை, நான்தான் சொன்னேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்று சொல்ல வேண்டும்.  அதைச் சொன்னால் பையன் போய்விட்டான் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அது மட்டும்தானா காரணம்? அவள் சொன்னதைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு நொடி ஏதோ இளகியதே. அதை நினைக்கவே அவருக்குக் கூசியது. அவர் மறுபடி விசிறத் தொடங்கினார்.

சொர்ணாம்பாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை லேசாக அசைத்தாள், சரி என்பதுபோல. டாக்டர் வந்து சேர்ந்தபோது வாசலில் வெயில் இன்னும் இருந்தது. அவர் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பாடைக்கு மூங்கில் வந்துவிட்டது. சம்பந்தமூர்த்திதான் தடுத்தார்.

"பையன் வராம எப்படி எடுக்கறது? ஒரே புள்ள. காலைல விழுப்புரம் வண்டி வரட்டும், மாப்ள."

நீலகண்டன் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சட்டைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்துக் கொடுத்தார். வியர்வையில் மை ஊறியிருந்தது. சம்பந்தமூர்த்தி படித்தார். படித்து முடித்த பிறகும் கண்ணை எடுக்காமல் நின்றார்.

"எல்லாருமா போயிருப்பாங்க? தப்பிச்சவங்க இருப்பாங்க."

"இருப்பாங்க மச்சான்."

"அப்பறம் என்னா? வண்டி வரட்டும்."

"வரலேன்னா நான் கொள்ளி வெச்சிடறேன்."

சம்பந்தமூர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. "நீங்க வெச்சீங்கன்னா அவன் இல்லேன்னு நாமளே முடிவு கட்டினா மாதிரி ஆயிடும். வாணாம் மாப்ள. வருவான்."

காலையில் சம்பந்தமூர்த்தி ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி வந்து போன சத்தம் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்தினார்கள். வெகுநேரம் கழித்து அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்தார். அருகில் யாரும் இல்லை. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "எடுத்துடலாம்" என்றார்.

ஈசானிய மயானத்தில் நீலகண்டன் கொள்ளி வைத்தார்.  பின்பக்கமாகக் கொடுத்த கொள்ளியை வாங்கும்போது யாரோ, "திரும்பிப் பாக்காதீங்க" என்றார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகம் கறுத்து, மூக்கில் தோல் உரிந்திருந்தது. பொருந்தாத யாருடைய சட்டையோ போட்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான்.  கீழ்பென்னாத்தூர் வேடியப்பன், உமாமகேஸ்வரனின் சிநேகிதன்.

"நீ மட்டுமா வந்த?" என்று சம்பந்தமூர்த்தி கேட்டார்.

"படகுல இக்கரைக்கு வந்தேங்க. அங்கேர்ந்து லாரி." அவன் நீலகண்டனிடம் திரும்பினான். "ஐயா, நான் தேடிப் போனேன். ராமேஸ்வரம் தாண்டி நடந்தே போனேன். பாதி வழிக்கு மேல தரையே இல்லிங்க. தண்ணிதான். தப்பிச்சு வந்தவங்க ஒவ்வொருத்தரா கேட்டேன். அந்தக் கட்டடத்துல இருந்தவங்க ஒருத்தரும் வரல."

 ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புயல் அடிச்ச அன்னிக்கி காலைலேர்ந்தே காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. கடல்ல எறங்கல. இங்கயே படுத்துக்கடான்னு வாத்தியார்கூட சொன்னாரு. அவன் கேக்கல. தினம் சாயங்காலம் தபாலாபீஸ் பூட்டறதுக்குள்ள போவணும் அவனுக்கு. ஏதாச்சும் தந்தி இருக்குதான்னு கேக்கணும். அதுக்கே ஓடுவான்." அவன் நிறுத்தினான். "அன்னிக்கி தந்தி எதுனா அடிச்சீங்களா, ஐயா?"

"இல்ல" என்றார் நீலகண்டன். "அன்னிக்கி நல்லாத்தான் இருந்தா. மறுநாள்தான் அடிச்சேன்."

சம்பந்தமூர்த்தி தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்கள்லாம் ஒரு எடத்துல இருக்கும்போது அவன் ஏன்டா அவ்ளோ தூரம் போயி தங்கினான்? யார்ரா அவன அங்க போவச் சொன்னது?"

வேடியப்பனுக்குத் தெரிந்திருந்தது. அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் சொன்னேன்" என்றார் நீலகண்டன். குரல் தெருவரை கேட்டது. "நான்தான் சொன்னேன் மச்சான். சொர்ணம் ஒண்ணும் சொல்லல. அவ தூங்கிக்கினு இருந்தா."

சம்பந்தமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். தங்கையை எதற்கு இதில் இழுக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்து அவர் தோளைத் தொட்டார். நீலகண்டன் அந்தக் கையை விலக்கிவிட்டு வேடியப்பனிடம் போனார்.

"உங்கம்மாவப் பாத்தியா?"

"இல்லிங்க. நேரா இங்கதான் வந்தேன்."

"சாப்ட்டியா?"

 ஆராயி கொண்டுவந்து வைத்த சோற்றை, தலை குனிந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான். பிறகு சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கப் பார்த்தான். நீலகண்டன் அவனை எழுப்பினார்.

"போ. அவங்க உன்னத் தேடிக்கினு இருப்பாங்க."

ஈர வேட்டியை மாற்றாமலே அவனோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் பார்த்து அவனை உட்காரவைத்தார். கண்டக்டரிடம், "பையன் தூங்கிடுவான். ஊர் வந்ததும் எழுப்பி எறக்கி வுடுங்க" என்றார். பஸ் நகரும்போது அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்த இடத்திலேயே விழுப்புரம் பஸ் வந்து நின்றது. வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் ஒதுங்கிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கிழவர் இறங்கினார். பெட்டியோடு ஒரு பெண். இரண்டு போலீஸ்காரர்கள். காலேஜ் பையன்கள் மூன்று பேர் பேசிக்கொண்டே இறங்கினார்கள். எல்லோரும் இறங்கியான பிறகு கண்டக்டரும் இறங்கி டீக்கடைப் பக்கம் போனார். கிளீனர் ஏணியில் ஏறி, பஸ்ஸின் மேலிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளத் தொடங்கினான்.

"பெரியவரே, கொஞ்சம் நவுந்து நில்லுங்க. தலைமேல வுழுந்துடப் போவுது."

நீலகண்டன் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார்.