இரண்டு நிமிட மௌனம், ஒரு விசில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். ஓர் இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தபோது சிரிக்காமல் இருந்த இரண்டு பேரிடமிருந்து வந்தது. ஒருத்தி, இறந்துபோனவளின் பதினாறு வயது மகள். இன்னொருத்தி, இதை எழுதுபவள்.

எழுதுபவளைப் பற்றிக் கொஞ்சம். துவைக்கும் இயந்திரம், மிக்ஸி போன்றவற்றோடு பெட்டிக்குள் வருமே ஒரு கையேடு, அதை எழுதுவது அவள் வேலை. 'முதலில் பிளக்கைக் கழற்றவும்' என்பதை இருபது வருஷமாக விதவிதமாக எழுதியிருக்கிறாள். கதை எழுதுவது இதுதான் முதல் தடவை. 'நான்' என்று தொடங்கிய மூன்று வரைவுகளைக் கிழித்துப் போட்டாயிற்று. ஒவ்வொன்றிலும் அந்த 'நான்' போகப் போக நல்லவளாகிக்கொண்டே வந்தாள். அதனால் இதில் 'அவள்'தான்.

[வாசகர் மன்னிக்கவெல்லாம் வேண்டாம். கவனித்தால் போதும்.]

2

தொடக்கம் ஒன்று: 'மரணம் எல்லோரையும்…'

(அடித்தாயிற்று. செத்துப்போனவள் இதைப் படித்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பாள்.)

தொடக்கம் இரண்டு: 'அவளுடைய சிரிப்பு இன்றும் என் காதில்…'

(பொய். சிரிப்பு மறந்துவிட்டது. கையெழுத்துதான் நினைவிருக்கிறது. எறும்புக் கூட்டம் கலைந்து ஓடுவது போல இருக்கும்.)

தொடக்கம் மூன்று: பள்ளிக்கூடத்தில் அவளுக்கு விசில் என்று பெயர். வாயில் விரல் வைக்காமல், நாக்கை மட்டும் மடித்து, விளையாட்டு ஆசிரியரின் விசில் போலவே அடிப்பாள். மைதானத்தில் ஓடுகிறவர்கள் எல்லாம் சட்டென்று நிற்பார்கள், ஆசிரியரும் நிற்பார். வராதவர்களுக்கெல்லாம் வெவ்வேறு குரலில் 'உள்ளேன்' சொல்வாள். பள்ளியை விட்டே போய்விட்ட ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதம் வருகை பதிவாகியிருந்தது. அந்தப் பெண்ணுக்குத்தான் அந்த இரண்டு மாதமும் தவறாமல் வந்ததற்காகப் பாராட்டும் அறிவித்தார்கள்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

இரங்கல் கூட்டம் பழைய பள்ளியின் கூடத்தில் நடந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, நாற்பத்தாறு வயதில் போய்விட்டாள் விசில். ஒவ்வொருத்தராக எழுந்து அவள் செய்த சேட்டைகளைச் சொன்னார்கள். கடைசியில் அன்றைய வகுப்புத் தலைவி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாத்தையும் விடுங்கப்பா. பழைய தலைமை ஆசிரியர் இறந்தப்போ மொத்தப் பள்ளிக்கூடமும் மைதானத்துல நின்னு ரெண்டு நிமிஷ மௌனம். ஊசி விழுந்தா கேக்கும். நம்மாளு அடிச்சா பாருங்க ஒரு விசில்!"

கூடமே அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். முப்பது வருஷமாக எங்கே கூடினாலும் இந்தக் கதைக்குத்தான் கைதட்டல்.

வாசல் குழாயடியில் மகள் மட்டும் கைகழுவிக்கொண்டே இருந்தாள். எழுதுபவள் அருகே போனதும் கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க அம்மா பக்கத்துலதானே நின்னீங்க? இப்ப உள்ளே அம்மாவுக்கும் ரெண்டு நிமிஷம் நின்னாங்க. இப்ப யாராவது விசிலடிச்சிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த சாருக்கும் பசங்க இருந்திருப்பாங்கல்ல? எங்கம்மா அவ்வளவு ஈரமில்லாதவங்களா?"

"இல்லம்மா" என்றாள் அவள். வகுப்புத் தலைவி வந்து, "நினைவு மலருக்கு நீதான் ரெண்டு பக்கம் எழுதணும். எழுதுறது உன் தொழிலாச்சே" என்றாள். எழுதுகிறேன் என்று உடனே சொன்னாள். விசில் கதையைத்தான் எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

4

நடந்தது இதுதான்.

நான்கு மாதமாக விசில், இதை எழுதுபவளுக்கு விசிலடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "நாக்கு நுனியை உள்ளே மடி. காத்தைக் கீழே தள்ளு. சாப்பாடு ஊதுற மாதிரி ஊதாதடி!" காற்றுதான் வந்தது, எச்சில் வந்தது. சத்தம் மட்டும் வரவேயில்லை. சும்மா இருக்கும்போதெல்லாம் வாய் தானாக ஒத்திகை பார்க்கும்.

அன்று மைதானத்தில், வெயிலில், எண்ணூறு பேர் தலை குனிந்து நின்றார்கள். மௌனம் முடிய அரை நிமிஷம் இருக்கும்போது அவள் வாய் பழக்கதோஷத்தில் மடிந்தது. விசில் வந்தது. அவளுடைய முதல் விசில், குருவையே மிஞ்சிய விசில்.

எண்ணூறு தலைகளும் நிமிர்ந்து ஒரே ஆளைப் பார்த்தன. பக்கத்தில் நின்றவளை.

"யாரது?" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

விசில் முன்னால் வந்தாள்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. இப்போது இல்லை. காரணம் ஆறாம் பகுதியில்.]

பத்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்றார்கள். அந்தப் பத்து நாளுக்குள்தான் பள்ளிகளுக்கிடையிலான தொடர் ஓட்டம். கடைசிச் சுற்றை விசில்தான் ஓடுவதாக இருந்தது. அவளுக்குப் பதில் வேறொருத்தி ஓடினாள். திரும்பி வந்த விசில், "பத்து நாள் லீவு வாங்கிக் கொடுத்தியே, உனக்குச் சிலை வைக்கணும்டி" என்றாள். அதோடு சரி. அதற்கப்புறம் விசிலை எந்தப் போட்டிக்கும் எடுக்கவில்லை.

எழுதுபவள் வாயைத் திறந்திருக்கலாம். அன்றைக்கு, மறுநாள், அடுத்த முப்பது வருஷத்தில் ஏதோ ஒரு நாள்.

5

முடிவு (அ): ஆஸ்பத்திரியில் அவள் உண்மையைச் சொல்கிறாள். இருவரும் கைகோத்து அழுகிறார்கள்.

(எழுதிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. அதனால்தான் அடித்தாள். உண்மையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள், கட்டிலருகே நின்றாள். விசில் கேட்டாள்: "என்னடி, ஷாக் அடிச்ச மாதிரி நிக்கிற? உன் கையேட்டுல இதுக்கு என்ன போட்டிருக்கே?" இருவரும் சிரித்தார்கள். நர்ஸ் வந்தாள். நேரம் முடிந்தது.)

முடிவு (ஆ): விசிலின் ஆவி கனவில்… (வேண்டவே வேண்டாம்.)

6

ஆகவே முடிவு எழுதுவதை நிறுத்திவிட்டு, சனிக்கிழமை காலை இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு விசிலின் வீட்டுக்குப் போனாள். விசிலின் அக்கா துணி தைத்துக்கொண்டிருந்தாள். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவள் அவள்தான். மகள் எதிரில் உட்கார்ந்தாள். எழுதுபவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள்:

"அக்கா, அன்னிக்கு விசிலடிச்சது அவ இல்லை. நான்."

தையல் இயந்திரம் நின்றது. அக்கா குனிந்தபடியே நூலை அறுத்தாள்.

"அன்னிக்குக் கையெழுத்துப் போட ஸ்கூலுக்குக் கூப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அளவு ஸ்கேலாலேயே அடிச்சேன். 'செத்த மனுஷன்கிட்டயா உன் விளையாட்டு?'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். ஸ்கேல் உடைஞ்சுது. வாயே திறக்கலையே பாவி." பிறகு நிமிர்ந்தாள். "எழுதுறியா? அதையும் எழுது. நீ பண்ணினதை மட்டும் எழுதாதே. நான் அடிச்சதையும் போடு."

போட்டாயிற்று.

மகள் தாள்களை வாங்கி நிதானமாகப் படித்தாள். நான்காம் பகுதியில் நிறுத்தினாள். அங்கே 'விசில் எனக்காகத்தான் முன்னால் வந்தாள்' என்று இருந்தது. ('நான்' எப்படியோ நுழைந்துவிட்டிருந்தது.)

"உங்களுக்காகத்தான்னு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"வேற எதுக்கும்மா?"

"எல்லாரும் பார்த்துட்டாங்களே, இனி சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு இருக்கலாம். சும்மா ஒரு ஜாலிக்கா இருக்கலாம். பெரியம்மா திட்டுறதைப் பத்திக் கவலையே படாம இருந்திருக்கலாம். பயந்துகிட்டே வந்திருக்கலாம். அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. மகள் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடித்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தில், நடுவில் இடம் விட்டு, வேறொன்று எழுதினாள். வகுப்புத் தலைவி எவ்வளவு கெஞ்சினாலும் நினைவு மலரில் அது அப்படியேதான் அச்சாக வேண்டும்; மகள் அதில் பிடிவாதமாக இருக்கிறாள். நீங்கள் விசிலைப் பார்த்ததில்லை. ஆனாலும் நிரப்ப முடிந்தால் நிரப்புங்கள். முடியாவிட்டால் காலியாகவே விடுங்கள். எதையாவது போட்டு மட்டும் அடைக்காதீர்கள்.

எங்கம்மா ____________ முன்னாடி வந்தாங்க.