ஒதுக்கிய படம்

எனக்குக் கோணல் என்றாலே ஆகாது. யார் வீட்டுச் சுவரிலாவது காலண்டர் சாய்ந்து தொங்கினால் அதை நேராக்காமல் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள், ஆனால் என் காதில் விழுகிற மாதிரி சொல்கிறார்கள். என் படங்களைப் போல நேரான படம் வேறு யாருக்கும் வராது என்ற திமிர் எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

திங்கட்கிழமை மதியம் என் தம்பி கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். பேச ஆரம்பித்தால் ஓயமாட்டான் என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். நின்றிருந்த லாரியின் பின்னால் வேனைக் கொண்டுபோய் முட்டியிருக்கிறான். சீட் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொண்டது. தலை மட்டும் முன்னால் வீசிப் போய்த் திரும்பியிருக்கிறது.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, லேசா பிடிச்சிருக்கு. லாரிக்குத்தான் அடி ஜாஸ்தி, முதல்ல அதுக்குப் படம் எடு."

"வாயை மூடிட்டு நேரா உக்காரு. முகவாயைத் தூக்கு."

அவன் தூக்கவில்லை. முதல் படத்தில் முகவாய் நெஞ்சைத் தொடப் பார்த்தது. பார்த்ததும் எரிச்சல் வந்தது. என் தம்பி படமே இப்படியா? அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், இரண்டு விரலை அவன் முகவாயின் கீழ் வைத்துத் தூக்கினேன்.

"வலிக்குதுக்கா."

"ஒரு நிமிஷம் பொறுடா. ரெண்டு பிள்ளைக்கு அப்பன், ஊசிக்கு அழுற மாதிரி அழுற."

இரண்டாவது படம் அழகாக வந்தது. கழுத்தெலும்பு ஏழும் வரிசை பிசகாமல் நின்றன. டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, கழுத்துப் பட்டைகூட வேண்டாம் என்று சொல்லி, வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

எங்கள் மெஷினில், வேண்டாமென்று நாங்கள் ஒதுக்குகிற படங்கள் ஒரு தனிப் பெட்டியில் போய்ச் சேரும். டாக்டர் கண்ணுக்கு அவை போவதே இல்லை. வியாழக்கிழமை காலைகளில் நான் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் காரணம் எழுதி அழிக்க வேண்டும். அசைந்துவிட்டார். சங்கிலியைக் கழற்றவில்லை. மூச்சை விட்டுவிட்டார். இந்த வாரமும் இப்படி மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். நான்காவதாகத் திரையில் வந்தது என் தம்பியின் கழுத்து. 'தலை கோணல்' என்று அடிக்கப் போனவள், 'தலை' வரை அடித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

கழுத்தின் பின்பக்கம் எலும்புகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். தலை குனிந்தால் அந்த முட்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் விரியும். இந்தப் படத்தில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவே மட்டும், பல் விழுந்த இடம் போல, ஓட்டை.

எலும்பு தானாக நிற்பதில்லை. கட்டி நிறுத்துவது தசைநார். முன்பக்கம் ஒரு நீளமான பட்டை, தலை அளவுக்கு மீறிப் பின்னால் சாயாமல் பிடிக்கிறது. பின்பக்கம் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே குட்டைக் குட்டையாக நார்கள், குனிகிற தலையை இதோடு போதும் என்று இழுத்துப் பிடிக்கின்றன. அதற்கு உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு நார் உண்டு. குனிந்தால் நீளும், நிமிர்ந்தால் சுருங்கும். அதையும் தாண்டினால் தண்டுவடம்தான். கையும் காலும் மூச்சும் அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. இந்த நார் எதுவும் எக்ஸ்ரேயில் விழாது. அறுந்ததா இல்லையா என்பதை எலும்பு விலகியிருப்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அந்த விலகலை நான்தான் இரண்டு விரலால் மூடியிருக்கிறேன். தலையை நிமிர்த்தியதும் முட்கள் நெருங்கி, எல்லாம் சரியாக இருப்பதுபோல ஆகிவிட்டது.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஓயாமல் பேசுகிறவனுக்கு இன்றைக்குப் பார்த்து என்ன கேடு? அவன் மனைவியைக் கூப்பிட்டேன்.

"சலூனுக்குப் போயிருக்காரு அண்ணி. வலி விடவே இல்ல. கழுத்துல ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிடும்னு யாரோ சொன்னாங்களாம். போனை இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டாரு."

"எந்த சலூன்?"

"உங்க ஆஸ்பத்திரிக்குப் பின் தெருதான்."

அவளை ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை, அறைக்கதவைக் கூடச் சாத்தவில்லை. லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினேன். பின்வாசலில் ஆக்சிஜன் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வழியை அடைத்திருந்தார்கள். அவர்கள் திட்டத் திட்ட நடுவே புகுந்து போனேன். ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றையும் உதறிவிட்டேன். கடவுளே, அங்கே கூட்டம் இருக்கட்டும், அவனுக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

கூட்டம் இல்லை. கண்ணாடிக் கதவு வழியாகவே தெரிந்தது. ஒரே நாற்காலி, அதில் என் தம்பி. கழுத்தில் துண்டு. பின்னால் நின்ற சலூன்காரர் ஒரு கையை அவன் முகவாயிலும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைத்துவிட்டார்.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் ரேடியோ சும்மா இருப்பானா? யாரென்று வெடுக்கென்று திரும்பிப் பார்ப்பான். அதற்குச் சலூன்காரரே தேவலை. வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளி, மெதுவாக நடந்து, தலையைத் திருப்பாமலே அவனுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் போய் நின்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, கையை அப்படியே வெச்சிருங்க. திருப்பாதீங்க. எடுக்கவும் எடுக்காதீங்க."

"என்னம்மா ஆச்சு?"

"கழுத்துல நார் அறுந்திருக்கு. திருப்பினா கை கால் போயிடும்."

சலூன்காரர் நல்ல மனிதர். கேள்வி கேட்காமல் சிலையாக நின்றார். அவர் கைக்குக் கீழே என் கையை நுழைத்து, தாடையின் இரு பக்கமும் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

"டேய், ஆடாதே. தலையாட்டாம வாயால மட்டும் சொல்லு. விரலை அசைக்க முடியுதா?"

"முடியுதே. சுண்டு விரல்தான் காலையிலேர்ந்து மரத்துப் போச்சு. ஏன்க்கா, செருப்பைக் காணோம், என்னை அடிக்கக் கழட்டினியா?"

ஆஸ்பத்திரி வண்டி வெளியே போயிருந்ததால், பின் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் பேசினான். நான் தலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். தோள் இற்று விழுந்தது. சலூன்காரர் என் முழங்கைக்குக் கீழே இரண்டு தலையணையை அண்டக் கொடுத்தார்.

சாயங்காலத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். பின்பக்க நார்கள் முழுக்க அறுந்திருந்தன, மஞ்சள் நாரும் சேர்த்து. தண்டுவடம் தப்பியிருந்தது. மறுநாள் ஆபரேஷன், தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்று முதுகெலும்பு டாக்டர் சொன்னார். தம்பி மல்லாந்து படுத்திருந்தான். கெட்டிப் பட்டை போட்டு, தலைக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

"முதல் படத்துல ஒண்ணும் தெரியலையே. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க அக்காவுக்குக் கண்ணே எக்ஸ்ரேதான் டாக்டர்" என்றான் தம்பி.

"தெய்வம் மாதிரி வந்தீங்க அண்ணி" என்றாள் அவள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்னும் ஒரு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் நான் மனுஷியே இல்லை.

"அது முதல் படம் இல்ல டாக்டர். முதல் படத்துல தெரிஞ்சுது. தலை குனிஞ்சிருந்ததால நான் ஒதுக்கிட்டேன். அப்புறம் முகவாயைத் தூக்கிப் பிடிச்சு வேற எடுத்தேன். அதைத்தான் டியூட்டி டாக்டர் பாத்தாரு."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என் கையைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டது.

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"வலிக்குதுன்னு சொன்னேனே" என்றான்.

"சொன்னடா."

பட்டைக்கு மேலே உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதை நாக்கால் தடவிக்கொண்டான். நான் மேஜையிலிருந்த டம்ளரையும் கரண்டியையும் எடுத்தேன்.

"தண்ணி தரட்டுமா?"

"நர்ஸைக் கூப்பிடு."

"நானே தரேன்டா, ஒரு வாய்தானே."

"நர்ஸைக் கூப்பிடுன்னேன்."